வெடிக்குப் பழகிய குதிரைகள்

தாயில்பட்டி முனியராஜ் மட்டக்குதிரைகள் இரண்டை ஓட்டிக்கொண்டு வந்த அன்று, அவர் மனைவி ஞானசுந்தரி வாசலிலேயே மறித்தாள்.

"என்னங்க இது?"

"மட்டக்குதிரை."

"கழுதை மாதிரில இருக்கு?"

"வளரும்."

"மட்டக்குதிரைங்கிறீக, பெறகு எப்பிடி வளரும்?"

முனியராஜ் இரண்டையும் கொல்லைப்பக்கமாக ஓட்டிக்கொண்டு போனார்.

ராஜபாளையத்துத் தோப்புக்காரர் ஒருவர் பேரப்பிள்ளைகளுக்காக வாங்கியவை அவை. பேரப்பிள்ளைகள் ஒரு லீவுக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டார்கள். நல்லபடியாக வளர்ப்பவர் யாரானாலும் சும்மா கொண்டுபோகலாம் என்றார் தோப்புக்காரர். பட்டாசு லோடு இறக்கப்போன முனியராஜ் அதே மினிலாரியில் இரண்டையும் ஏற்றிவந்துவிட்டார். வெள்ளைக்குச் சங்கு, செம்பட்டைக்குச் சக்கரம் என்று பெயரும் வைத்தார். ஞானசுந்தரி வாயில் அந்தப் பெயர்கள் வரவே இல்லை. அவளுக்கு இரண்டும் கழுதைகள்தான்.

முனியராஜ் ஒன்றும் விவரமில்லாமல் கொண்டுவரவில்லை. சிவகாசிப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு மதுரையிலிருந்து வரும். நம் ஆட்கள் சரவெடியைக் கொளுத்துவார்கள். மதுரைக் குதிரை பாவம், அதற்கு இது புதுசு. போன தை மாதம் ஒரு மாப்பிள்ளை சாரட்டோடு ஆமத்தூர் வரைக்கும் போய்விட்டு, முகூர்த்தத்துக்கு ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தார். வெடிக்கு மிரளாத ஜோடி ஒன்று இருந்தால் இந்த வட்டாரத்துக் கல்யாணமெல்லாம் நம் கையில் என்று முனியராஜ் நினைத்ததில் தப்பில்லை.

ஏழு மாதம் பழக்கினார். பட்டாசுக் கம்பெனி விட்டு வந்ததும் கண்மாய்க்கரைக்கு ஓட்டிப்போவார். மச்சான் முத்துப்பாண்டி தூரத்தில் நின்று விரல் நீளப் பிஜிலி வெடி ஒன்றைக் கொளுத்துவான். முதல் வாரம் சங்கு முனியராஜையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் போனது. சக்கரம் பெயருக்கேற்றபடி நின்ற இடத்திலேயே சுற்றியது. முனியராஜ் ஒரு நாளும் கை ஓங்கவில்லை. கழுத்தைத் தடவிக்கொடுத்து, ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கொடுப்பார். நாளுக்கு நாள் வெடி பக்கத்தில் வந்தது. மூன்றாம் மாதம், வெடித்த மறுகணமே இரண்டும் அவர் சட்டைப்பையை மோந்து பார்த்தன. அதன்பிறகு, பழைய விலைக்கு வாங்கிய ஒரு சாரட்டில் பூட்டினார். ஒரு வெடி, பத்து எட்டு நடை, ஒரு துண்டு கருப்பட்டி. நாக்கைக் கொட்டி, கடிவாளத்தைச் சுண்டி நடத்துவதெல்லாம் வெளியூர்க்காரர்கள் செய்வது. வெடி இல்லாத விசேஷம் என்று ஒன்று உலகத்தில் இருக்கக்கூடும் என்பது தாயில்பட்டியில் பிறந்தவருக்குத் தோன்றவே இல்லை.

இதற்கிடையில் கொடியில் காய்ந்த ஞானசுந்தரியின் பட்டுச்சேலையில் சக்கரம் முந்தியை மட்டும் பார்த்துத் தின்றுவிட்டது. கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரைச் சவாரி விடுகிறவரின் நம்பரை எங்கேயோ பிடித்து போனில் ஏற்றிக்கொண்டாள் அவள்.

"மொதலாளி வீட்டுக் கல்யாண ஊர்வலம் ஒளுங்கா முடிஞ்சா கழுதைக இருக்கட்டும். இல்லைன்னா மறுநாளே அவர வண்டி கொண்டாரச் சொல்லிருவேன்."

அவள் சொன்னால் செய்வாள்.

பட்டாசுக் கம்பெனி முதலாளி சீனிவாசகத்தின் பேத்தி பிரீத்திக்குக் கல்யாணம். சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளை அழைப்பு. கோயம்புத்தூர் மாப்பிள்ளை ரோஜா மாலையோடு சாரட்டில் ஏறி உட்கார்ந்தார். நாதஸ்வரம் தொடங்கியது. குதிரைகள் காதை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தன. முனியராஜும் காத்திருந்தார்.

"என்னலே முனியராஜ், கெளப்பு" என்றார் சீனிவாசகம்.

"வெடி இன்னும் போடலியே மொதலாளி."

"வெடியா? வருசம் பூராக் கேக்குற சத்தம்லே அது. எங்க வீட்டு விசேசத்துல என்னைக்குமே வெடி கெடையாது."

முனியராஜ் நாக்கைக் கொட்டினார். கடிவாளத்தைச் சுண்டினார். குனிந்து சங்கின் காதுக்குள் "டமார்" என்றார். சங்கு அவரை இரக்கத்தோடு பார்த்தது. தவில்காரர் ஓங்கி நாலு தட்டு தட்டினார். தவில் எது, வெடி எது என்று தெரியாத குதிரைகளா அவை? கால்மணி நேரம் போனது. மாப்பிள்ளையின் நெற்றிப் பொட்டு மூக்குக்கு இறங்கிவிட்டது. "எறங்கி நடந்துரட்டுமா?" என்று அவரே கேட்டார். சக்கரத்தின் பிடரியைப் பிடித்துக்கொண்டு நின்ற முனியராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. நாளைக்கு இந்நேரம் இதுகள் யாரையோ சுமந்துகொண்டு ஏரியைச் சுற்றும்.

கூட்டத்தில் ஞானசுந்தரி போனும் கையுமாக நின்றாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று எதிரே இருந்த மண்டபத்து வேனுக்குப் போய், ஒரு தாம்பூலப் பையை எடுத்து, தேங்காயையும் கல்கண்டுப் பொட்டலத்தையும் மடியில் போட்டுக்கொண்டாள். மணமக்கள் படம் அச்சடித்த காகிதப் பை. வாயில் வைத்து ஊதி, கழுத்தைத் திருகி, உள்ளங்கையால் ஒரே அடி.

டப்பென்று கேட்டது.

சாரட்டு பத்து எட்டு நகர்ந்தது. முனியராஜ் ஓடிப்போய்க் கருப்பட்டி கொடுத்தார்.

"எவம்லே வெடி போட்டது?" என்று சீனிவாசகம் பாய்ந்து வந்தார். ஞானசுந்தரி கிழிந்த பையைக் காட்டினாள். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சத்தம் பத்தாது. காத்து இன்னுங் கொஞ்சம் ஏத்தணும். குடு ஒண்ண."

முதலாளி அடித்த பை நிஜமாகவே வெடி மாதிரி கேட்டது. நாற்பது வருஷத் தொழில் இல்லையா? அப்புறம் யாரைப் பிடிக்க முடியும்? கம்பெனிப் பெண்கள் ஆளுக்கொரு பையைத் தூக்கினார்கள். சம்பந்தி அம்மாள்கூட கன்னம் உப்ப ஊதினார். தெருவெல்லாம் தேங்காய் உருண்டது. மண்டபத்துக்கு முப்பது அடி இருக்கும்போது முனியராஜின் கருப்பட்டி தீர்ந்துபோனது. குதிரைகள் நின்றுவிட்டன.

ஞானசுந்தரி மடியிலிருந்த கல்கண்டைப் பிரித்து, இரண்டு உள்ளங்கையிலும் கொட்டி நீட்டினாள். ஏழு மாதத்தில் அவள் அவற்றைத் தொட்டதில்லை. இரண்டும் நக்கித் தின்றன. கூச்சத்தில் அவள் நெளிந்தாள், கையை எடுக்கவில்லை. முதலாளி கடைசிப் பையை அடிக்க, சாரட்டு மண்டப வாசலில் போய் நின்றது.

இடுப்பில் போன் அடித்தது. பிசுபிசுத்த கையோடு எடுத்தாள்.

"ஆமாண்ணே, நாந்தான் காலையில பேசுனேன். வண்டி வேண்டாம்ணே." ஒரு முறை திரும்பிக் குதிரைகளைப் பார்த்தாள். "எங்க சங்கும் சக்கரமும் வேலைக்குப் போயிருச்சுக."