குளியலறைக் காட்சி

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் ‘கொசு’ என்று பெயர். ஊசி இறங்கியதே தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுவாள் என்பதால் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது. அந்தப் பூப்போன்ற கை வீட்டில் அம்மாவிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை. பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். அம்மாவுக்கு வலப்பக்கம் வேலை செய்யாது, பேச்சு குழறும். ஆனால் தண்ணீரைக் கண்டால் எங்கிருந்தோ பலம் வந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குளிப்பாட்டும்போது அம்மா இடக்கையால் குவளையைத் தட்டிவிட்டாள். சோப்புத் தண்ணீர் கொசுவின் கண்ணில் அடித்தது. அவள் கத்தினாள். கத்தியதோடு நிற்காமல் அம்மாவின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். விட்டபோது தோல் சிவந்திருந்தது. அம்மா அழவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் அவள் சினிமாவுக்குப் போனாள். கூட வேலை பார்ப்பவள் தன்னால் போக முடியாது என்று கொடுத்த டிக்கெட். நூலக மாடியில் திரையிடுகிற சின்னப் படம். பெரிய நடிகர்கள் இல்லை, பாட்டு இல்லை. ஒரு பெண் தன் சொந்த வீட்டிலேயே எடுத்தது, வயதான தாயைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தின் கதை. வீட்டில் பார்ப்பது போதாதா என்றுதான் நினைத்தாள். ஆனால் இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாத ஒரு நாற்காலி கிடைக்கும், கண்ணை மூடலாம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தம்பியை இருக்கச் சொன்னாள். அவன் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பிரேக் எது, கிளட்ச் எது என்று தெரியாதவர்களிடம்கூட முகம் சுளிக்காதவன். ஞாயிறுதோறும் பழம் வாங்கி வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போவான். அன்றைக்கு அஞ்சு மணி வரை நகரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

படம் ஆமையாக நகர்ந்தது. மகள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். மாத்திரை எண்ணினாள். கொசுவுக்குக் கண் சொருகியது. வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டு விழித்தாள். குளியலறை. கேமரா உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றது. கிழவியின் முதுகும் மகளின் கைகளும் மட்டும் தெரிந்தன. மகள் கத்தினாள். பிறகு துண்டை எடுத்துத் தலை துவட்டினாள். துவட்டும்போதும் கத்தினாள். உருக்க ஒரு இசைகூட இல்லை. அரங்கில் நாற்பது பேர் இருந்தார்கள், ஒருவரும் ‘சீ’ என்று சொல்லவில்லை. முன்வரிசை வழுக்கைத் தலைக்காரர் குனிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். உலகத்திலேயே தான் ஒருத்திதான் இப்படி என்று இரண்டு வருஷமாகக் கொசு நினைத்திருந்தாள்.

படம் முடிந்ததும் முன்னால் வந்து நின்ற அந்தப் பெண் இயக்குநரிடம், மகள் ஏன் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை என்று ஒருவர் கேட்டார். இயக்குநர் மைக்கை வாங்கினார்.

“எங்க வீட்ல யாரும் கேட்டுக்கலைங்க. மறுநாள் காலைல திரும்பக் குளிப்பாட்டணுமே.”

சிலர் சிரித்தார்கள். கொசுவும் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது தம்பி குளியலறைப் படியில் உட்கார்ந்திருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அம்மா கட்டிலில், பொத்தான் மாறிப்போட்ட உடுப்போடு கிடந்தாள். படுக்கை நனைந்துவிட்டதாம், கழுவிவிடப் பார்த்தானாம்.

“கத்திட்டேன்க்கா. அம்மாவைப் போய்க் கத்திட்டேன்.”

‘இப்பத் தெரியுதா?’ என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, காலையில் நடந்ததைச் சொன்னாள், மணிக்கட்டு உட்பட. அவள் அம்மாவின் பொத்தான்களைச் சரிசெய்து, கையைத் தடவி, வலிக்குதா என்று கேட்டாள். பசிக்கிறது என்று அம்மா குழறினாள்.

அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டே படத்தின் கதையைத் தம்பிக்குச் சொன்னாள். சொல்லச் சொல்ல, அந்த மகள் நின்றபடி சாப்பிட்டதும் மாத்திரை எண்ணியதும், எதையும் விட்டுவிட முடியவில்லை. அவன் முழுக்கக் கேட்டான். கிளம்பும்போது, வியாழக்கிழமை வகுப்பு குறைவு, இனி அன்றைக்கும் வந்து தானே அம்மாவைக் குளிப்பாட்டுவதாகச் சொன்னான்.

இரண்டு வியாழன் வந்தான். மூன்றாவது வாரம், யாருக்கோ ஓட்டுநர் தேர்வு என்று வரவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு கோபப்படவும் அலுப்பாக இருந்தது. நாலாவது வாரம் மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் எடுத்துக்கொண்டு வந்தான்.