அரை மூட்டை நெல்

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். காலும் நீளம் என்பதை நௌஷாத் அண்ணன் ஒருவர்தான் கவனித்தார். துபாயில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து மன்னார்குடியில் ஜிம் வைத்திருந்தவர். நெடுந்தூரம் ஓடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாவே பயிற்சி கொடுப்பார்.

"ஓட்டம் நல்லாருக்கு செம்மொழி. ஒடம்புலதான் வலு இல்ல," என்றார் ஒருநாள். "தொடையும் இடுப்பும் தேறலன்னா எலும்பு தாங்காது. ஒங்க பக்கம் ஏறி எறங்க ஏதாச்சும் மேடு உண்டா?"

"எங்க ஊருல மேடுன்னா வேகத்தடைதாண்ணே."

அவர் சிரிக்கவில்லை. அரை மூட்டை நெல்லைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் மதகுப் படிகளில் ஏறி இறங்கச் சொன்னார்.

கார்த்திகையில் தஞ்சாவூரில் தேர்வு ஓட்டம். முதல் மூன்று பேருக்குள் வந்தால் மாநில அணி. அதன்பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கலாம். வராவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனி. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். பொங்கலுக்கு வரும்போது பஞ்சுத்தூசியில் இருமிக்கொண்டே வருவார்கள். செத்தாலும் அங்கே போகமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

அப்பா சாமிதுரை மூட்டை தூக்கியவர். பண்ணைக் களத்தில் தொடங்கி நெல் கொள்முதல் நிலையம் வரைக்கும், முதுகு கூனிப்போகிற மட்டும் தூக்கினார். அண்ணன் பரிதியைப் படிக்க வைத்து துபாய்க்கு அனுப்பிய பிறகுதான் ஊருக்குள் நிமிர்ந்து நடந்தார், அதாவது நிமிர முடிந்த அளவுக்கு. "எம்மவன் அங்க சூப்பர்வைசரு. நெழல்ல நின்னு வேல வாங்குறான்," என்று டீக்கடையில் சொல்லாத நாள் கிடையாது.

மதகுப் பயிற்சி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ஒரு காலையில் மூட்டையோடு படியேறிக்கொண்டிருந்தேன். வயலுக்குப் போக அப்பா வந்துகொண்டிருந்தார். அவர் முன்பு வேலை பார்த்த பண்ணையின் முதலாளி சாரங்கபாணி எங்களைப் பார்த்து பைக்கை நிறுத்தினார்.

"என்னப்பா சாமிதொரை, பொண்ணும் தொழிலுக்கு வந்துருச்சு போல."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா மூட்டையை இழுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வீட்டில் இறக்கியதும் என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தார்.

"இனிமே தூக்கமாட்டேன்னு சொல்லு."

"இது பயிற்சிப்பா. கூலிக்கா தூக்குறேன்?"

"பாக்குறவனுக்கு மூட்டை மூட்டைதான். இந்த வூட்டுல அது என்னோட முடியணும். சொல்லு."

தலைமேல் கை வைத்துவிட்டால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. சொன்னேன். அன்றைக்கு முழுக்கப் பாத்திரங்களைப் போட்டு இடித்தேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

"அப்படின்னா தூரத்தக் கொற. வலு இல்லாம ஓட்டத்த ஏத்தாத," என்றார் நௌஷாத் அண்ணன். நான் கேட்கிறவளா? தூக்காததை ஓடியே ஈடுகட்டிவிடலாம் என்று இன்னும் அதிகமாக ஓடினேன். ஐப்பசியில் முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் ஒரே இடத்தில் வலித்தது. விரல் பட்டால் உயிர் போகும். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினேன்.

அந்தச் சமயத்தில்தான் பரிதி போன் செய்தான். நடந்ததைச் சொல்லி அழுதேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நான் இங்க சிமெண்ட் மூட்டைதான் தூக்குறேன் செம்மொழி. சூப்பர்வைசர்னு ஏஜென்ட் சொன்னதோட சரி. அப்பாகிட்ட சொல்லிறாத. தாங்கமாட்டாரு."

இதற்காகவா நான் அவர் தலையில் கை வைத்தேன்?

தேர்வு ஓட்டத்தில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தேன். மைதான வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. காய்ந்த சுள்ளி முறிவதுபோல் காலுக்குள் ஒரு சத்தம். விழுந்தேன். பின்னால் வந்த பெண் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். நான் கொஞ்ச தூரம் தவழ்ந்துகூடப் பார்த்தேன். எலும்பில் முன்பே விரிசல் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இனி ஓட்டத்தை மறந்துவிடு என்றும் சொன்னார்.

மாவுக்கட்டோடு நௌஷாத் அண்ணன் என்னை பஸ் ஏற்றிவிட்டார். எங்கள் நிறுத்தத்தில் அப்பா காத்திருந்தார். மழையில் ஊருக்குப் போகிற பாதை முழுக்கச் சேறு; ஆட்டோ வராது. எதுவும் கேட்காமல் முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"ஏறு."

"ஒங்க முதுகு என்னத்துக்கு ஆவும்?"

"ஏறுன்னா ஏறு."

டீக்கடை வாசலில் சாரங்கபாணி நின்றிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார். சேற்றில் ஒவ்வொரு அடிக்கும் அப்பாவின் முதுகெலும்பு என் நெஞ்சில் இடித்தது.

"கவலப்படாத," என்றார், மூச்சு வாங்க. "கால் ஆறட்டும். திருப்பூர்ல ஒக்காந்த எடத்துலதான் வேலையாம். ஒங்கண்ணனையும் ஒன்னையும் மூட்டை தூக்கவிடாம கரையேத்திட்டேன். எனக்கு அது போதும்."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யாரிடமும் ஒரு வார்த்தை பாக்கி வைக்காதவள் நான். அவர் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஆமாப்பா," என்றேன்.

மதகருகே ஒருமுறை நின்றார். கீழே சரிந்துவிட்ட என்னை, மூட்டையை உலுக்குவதுபோல் ஒரு உலுக்கு உலுக்கி முதுகில் மேலேற்றிக்கொண்டு நடந்தார்.