இடப்பக்கத்து வெட்டு

1

இருபத்தாறு நாட்களாக இந்தக் கதையின் முதல் வரி என்னிடம் நிற்க மாட்டேன் என்கிறது.

கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் ராஜா ராணி வேஷத்தில் இருவர் மேடையேறிக் கத்திச் சண்டை போட்டார்கள். எல்லோரும் அவர்களைப் பார்த்தார்கள். நான் மேடைக்குக் கீழே ஓரமாக நின்ற ஒரு பெண்ணைப் பார்த்தேன். வாயில் நாலைந்து ஊக்குகளைக் கவ்விக்கொண்டிருந்தாள். ராணியின் கத்தி உயர்ந்தபோதெல்லாம் இவளுடைய வலது கை, இடுப்புக்குப் பக்கத்தில், கொஞ்சம் அசைந்தது.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவளிடம் நான் பேசவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் போய்ப் பேச எனக்கு வராது. பேசியிருந்தால் உண்மை கிடைத்திருக்கும், கதை கிடைத்திருக்காது.

அவளுக்கு அம்சவல்லி என்று பெயர் வைத்தேன். ஊர் பிள்ளைப்பாக்கம். வருஷம் 1991.

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

'வாள்கள் பளீரென்று மோதின' (இல்லை. அவை தகரக் கத்திகள். மோதினால் எவர்சில்வர் தட்டில் மூடி விழுந்த சத்தம்தான் வரும்.)

'அம்சவல்லிக்கு ஜாஸ்மினைப் பிடிக்காது, ஏனென்றால்' (விட்டுவிட்டேன். ஏனென்றால் என்று ஆரம்பித்தால் கதை அங்கேயே உட்கார்ந்துவிடும்.)

'அம்சவல்லி வாயிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து ஜாஸ்மினின் முதுகில் குத்தினாள். சட்டையில்தான்.'

இது இருக்கட்டும்.

2

அம்சவல்லி வாயிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து ஜாஸ்மினின் முதுகில் குத்தினாள். சட்டையில்தான். ராணியின் ஜரிகைச் சட்டை அம்சவல்லியின் அளவுக்குத் தைத்தது. ஜாஸ்மினுக்குத் தொளதொளவென்று இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அதைப் பிடித்துக் குத்த வேண்டும். அந்த வேலை அம்சவல்லிக்கு.

ராஜா, அவள் புருஷன் கோபிநாத். வார நாட்களில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பட்டறையில் இரும்பு தேய்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் வந்தால் ராஜா. பரசுராமன் என்பவரின் செட்டு அது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கம்பெனி ஆயுத பூஜை, எங்கே கூப்பிட்டாலும் வேன் போகும்.

இந்தச் சண்டையில் ஒரு சட்டம் உண்டு. கத்தியைப் பார்க்கக் கூடாது. எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். அடுத்த வெட்டு எங்கே வரும் என்பதைக் கை சொல்வதற்கு முன் கண் சொல்லிவிடும். கத்தியைப் பார்க்கிறவன் எப்போதும் தாமதம்.

அம்சவல்லி இந்தச் சட்டப்படி கோபிநாத்தின் கண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். ஆகவே மேடையில் அந்தக் கண் இன்னொருத்தியைப் பார்க்கும்போது என்ன நடக்கலாம் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குழந்தை வயிற்றில் இருந்தபோது, "ரெஸ்ட் எடு" என்றான். எடுத்தாள். குழந்தை பிறந்து, தவழ்ந்து, இப்போது தெருவில் ஓடுகிறது. எடுத்தது போதும் என்று அவன் சொல்லவில்லை. ஒரு நாள் சேரப்பணஞ்சேரியிலிருந்து ஜாஸ்மினைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

ஏன்? அம்சவல்லிக்கு வேண்டியது இந்த ஒரு கேள்விக்குப் பதில். இந்தக் கதைக்கும் வேறு வேலை இல்லை.

சண்டையையும் மாற்றிவிட்டான். அவனும் அம்சவல்லியும் சேர்ந்து உண்டாக்கிய ஒரு வெட்டு இருந்தது. ராணி ஒரு சுற்று சுற்றி ராஜாவின் இடப்பக்கத்திலிருந்து வெட்டுவாள். ராஜா தலையைத் திருப்பாமலே கத்தியைத் தோளுக்கு மேலே தூக்கித் தடுப்பான். பந்தியில் உட்கார்ந்தவர்கள்கூட எச்சில் கையோடு எழுந்து பார்த்த இடம் அது. இப்போது அதைக் காணோம்.

"நம்ம வெட்ட ஏன்யா தூக்கின?"

"அவளுக்கு வராது."

"சொல்லிக் குடுத்தா வருது."

"வுடு அம்சா."

"மேடையில ரெண்டு பேரும் இன்னா பேசிக்கினு கீறீங்க?"

"இன்னா பேசறோம்? ஒன்னியும் இல்ல."

"அவ ஒதடு அசையுது. நான் கீழதான நிக்கிறேன்."

"சோத்தப் போடு."

போட்டாள். குழம்பு ஊற்றவில்லை.

(இங்கே கண்ணைப் பற்றி ஒரு அடிக்குறிப்பு இருந்தது. நான் பௌதிகம் படித்தவள், சும்மா இருக்க முடியவில்லை. பிறகு எடுத்துவிட்டேன். அது இருந்தால் அம்சவல்லிக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு முன்னால் இன்னொருவருக்குத் தெரிவதை அவள் தாங்க மாட்டாள்.)

3

ஜாஸ்மின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

முதலில் எழுதியபோது அவளை அழகாக்கியிருந்தேன். நீளமான பின்னல், கன்னத்தில் குழி. அடித்துவிட்டேன். பிறகு கெட்டவளாக்கினேன். கோபிநாத்தின் டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்தாள். அதையும் அடித்தேன். அப்புறம்தான் புரிந்தது, அவளைப் பிடிக்காதது அம்சவல்லிக்கு மட்டும் இல்லை. செய்முறைத் தேர்வில் என் பெயரைக் கேட்டால்கூடச் சொல்ல வராத நான், ஐந்நூறு பேருக்கு முன்னால் கத்தியைத் தூக்கி நிற்கும் ஒருத்தியை எப்படி நியாயமாக எழுதுவேன்?

ஆகவே அவளைப் பேசவிட்டேன். பல்பு கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்யும் பெண். ஊக்கு குத்தும்போது அசையாமல் இருக்கத் தெரியாது.

"ஆடாத."

"குத்துதுக்கா."

"ராணின்னா குத்தத்தான் செய்யும். கையில இன்னா கட்டு?"

"போன ஆட்டத்துல கத்தி கீறிடிச்சி. அண்ணன்தான் கர்ச்சீப்ப கியிச்சி கட்டினாரு. ரொம்ப பயந்துட்டாரு பாவம்."

"ஓகோ."

"உனுக்கு பட்டதே இல்லியாக்கா?"

"என்ன அவுரு ஒரு நாளும் தொட்டதில்ல. கத்தியால."

இதைப் பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது பெருமை இல்லை. அந்தக் கர்ச்சீப் அவள் துவைத்து மடித்து வைத்தது. இன்னொருத்தியின் காயத்தின் மேல் ஒரு பெண்ணுக்குப் பொறாமை வருமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அடுத்த ஊக்கை அவள் எவ்வளவு அழுத்திக் குத்தினாள் என்று நினைத்துப் பார்த்ததும் கேட்பதை விட்டேன்.

4

அன்றைக்கு வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்காரர் வீட்டுக் காதுகுத்து. ஜாஸ்மின் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். வேனில் டிரைவரோடு பரசுராமன், கோபிநாத், அம்சவல்லி.

ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு முன்னால் போலீஸ் தடுப்பு. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தப் பக்கம் எந்த வண்டியும் திறந்து காட்டாமல் போனதில்லை. பரசுராமன் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தார். கத்திகள் வெளியே தெரிந்தால்தானே கேட்பார்கள் என்று அவற்றைக் கோரைப் பாயில் சுற்றி, சீட்டுக்கு அடியில் தள்ளி, மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தார். கான்ஸ்டபிள் முதலில் இழுத்தது அந்தச் சாக்கைத்தான்.

"இன்னாய்யா இது?"

"டூப்பு சார். காதுகுத்துக்கு போறோம் சார்."

"காது குத்த இம்மாம் பெரிய கத்தியா? ஒளிச்சி வேற வெச்சிருக்க?"

"கேப்பீங்கன்னுதான் சார்..."

பரசுராமன் தன் வாயைத் தானே மூடிக்கொண்டார்.

கான்ஸ்டபிள் கத்தியை வளைத்துப் பார்த்தார். வளைந்தது. முகம் கொஞ்சம் இளகியது. "ஆட்டக்காரங்கன்னு சொல்ற. ஆடிக் காட்டு. அப்பறம் போலாம்."

"ராணி அங்க வருது சார், பஸ்ல."

"அந்தம்மா யாரு?"

பரசுராமன் அம்சவல்லியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

"அவ வேணாண்ணே. நீங்க நில்லுங்க" என்றான் கோபிநாத்.

அவ வேணாம். அது அம்சவல்லியின் காதில் நன்றாக விழுந்தது. இறங்கிக் கத்தியை வாங்கிக்கொண்டாள்.

பாட்டு இல்லை, விளக்கு இல்லை. வெயிலும் தாரும்தான். நின்றுபோன லாரியிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். முதல் வெட்டு. இரண்டாவது. கை எதையும் மறக்கவில்லை. எதிரே அவன் கண். எத்தனை நாளுக்கு அப்புறம்! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சுற்றுச் சுற்றி இடப்பக்கத்திலிருந்து வெட்டினாள்.

அவன் தடுக்கவில்லை. கத்தி காதில் பட்டுத் தோளில் விழுந்தது. பட்ட பிறகுதான் அவன் திரும்பினான்.

"ராஜா காலி!" கான்ஸ்டபிள் விழுந்து விழுந்து சிரித்தார். "போங்கய்யா, போங்க. ராணி ஆட்சி."

வேனில் அம்சவல்லி, ரத்தம் கசிந்த அவன் காதைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மறந்துட்டான் என்று நினைத்தாள். அவளோட ஆடி ஆடி நம்ம வெட்ட மறந்தே பூட்டான்.

(தப்பு அம்சவல்லி. ஆனால் நான் உள்ளே புகுந்து சொல்ல முடியாது.)

5

மண்டபத்தில் துணி மாற்றும் அறை. அம்சவல்லியின் வாயில் ஊக்குகள்.

"அண்ணன் காது இன்னாக்கா ஆச்சி?"

"நான்தான் வெட்டினேன்."

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"எடது."

"அய்யய்யோ!" ஜாஸ்மின் அப்படியே திரும்பிவிட்டாள். குத்திய ஊக்கு பிய்ந்து வந்தது. "அந்தக் கண்ணுதான் அண்ணனுக்கு தெரியாதே! அந்தப் பக்கம் ஏன்கா போன?"

அம்சவல்லி வளைந்துபோன அந்த ஊக்கை நிமிர்த்தினாள்.

"பட்டறையில இரும்பு தேய்க்கிற சக்கரம் ஒடஞ்சி புருவத்துல அடிச்சிதே, அப்ப போனது. பாக்கத்தான் நல்லா கீது, உள்ள நரம்பு பூடுச்சாம். அதான நான் வாயாலயே சொல்லிக்கினு ஆடறேன். மேல, கீழ, வருது, குனின்னு." நிறுத்தினாள். "உனுக்கு... அண்ணன் சொல்லியிருப்பாரு இல்ல?"

சக்கரம் தெறித்தது அம்சவல்லிக்குத் தெரியும். அப்போது அவள் நிறைமாதம். மூணு தையல், சரியாயிடுச்சி என்றான். நம்பினாள்.

"தெரியும்" என்றாள், ஊக்குகளுக்கு நடுவிலிருந்து. "திரும்பி நில்லு."

"ஆயிரம் பேர் இருந்தாலும் நம்பி எங்கிட்டதான் சொன்னாரு. லைன்ல நின்னா என் மூஞ்சி யாருக்குத் தெரியும் சொல்லு. அண்ணன்தான் நீ நல்லா போடுவன்னு இட்டாந்தாரு."

அன்றைய ஆட்டத்தில் அம்சவல்லி ஜாஸ்மினின் உதட்டையே பார்த்தாள். மேல. கீழ. வருது. காதல் பேச்சு ஒன்றும் இல்லை. அதுவாக இருந்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. அவன் கண் போனது இவளுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் படுக்கிறவளுக்குத் தெரியவில்லை.

6

முடிவுகள்.

முதல் முடிவில், அம்சவல்லி மேடையேறிக் கத்தியைப் பிடுங்கிக்கொள்கிறாள், மண்டபமே கை தட்டுகிறது. கிழித்துவிட்டேன். கேள்விக்குப் பதில் இல்லாமல் கைதட்டல் எதற்கு?

இரண்டாவதில், ஜாஸ்மினுக்குக் கல்யாணம் நிச்சயமாகி அவளே போய்விடுகிறாள். எனக்குப் பிடிக்காதவளைக் கதையை விட்டு அனுப்ப எனக்குள்ள ஆசை அது. அம்சவல்லிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

மூன்றாவதில், ஜாஸ்மினை ஒரகடத்தில் இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து, குழந்தையைத் தூங்கவைத்த பிறகு அவனைக் கேட்கிறாள். அவன் சொல்கிறான். அவள் அழுகிறாள். அவன் கண்ணைத் தொட்டு—

நன்றாகத்தான் வந்தது. இரண்டு நாள் வைத்திருந்தேன். ஆனால் எழுதியபோது நான் என்ன செய்தேன் என்பது பிறகு தெரிந்தது. அவன் சொல்லப் போகும் பதில் ஜாஸ்மினின் காதில் விழாமல் இருக்க, அவளை முன்கூட்டியே இறக்கிவிட்டிருக்கிறேன். அம்சவல்லி அப்படிக் காத்திருக்கிறவளா? தனியாகக் கேட்டு வாங்கும் பதில் அவளுக்குப் போதாது. ஜாஸ்மினின் முன்னால் வேண்டும்.

ஆகவே வேன் இன்னும் ஒரகடம் வரவில்லை. வெயில் சாய்கிறது. பரசுராமன் முன்சீட்டில் குறட்டை விடுகிறார். ஜாஸ்மின் வேஷம் கலைத்து, மில்காரர் வீட்டில் கொடுத்த மைசூர்பாகைத் தின்றுகொண்டிருக்கிறாள். கோபிநாத் நடுவில். அம்சவல்லி அவனுடைய இடப்பக்கத்தில்.

"யோவ்."

"இன்னா?"

"இந்தக் கண்ணு தெரியாதாமே."

ஜாஸ்மின் மெல்லுவதை நிறுத்தினாள்.

அவன் இவளைப் பார்ப்பதற்குத் தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. "உனுக்கு யாரு..."

"எங்கிட்ட சொல்லல. போவட்டும். அவகிட்ட சொன்ன, அதுவும் இருக்கட்டும். வாயால சொல்லணும்னா நான் சொல்ல மாட்டனா? எனுக்கு வாய் இல்லியா? என் எடத்துல ஏன்யா இவள வெச்ச? குண்டாயிட்டனா? இவ இன்னா என்ன விட நல்லா போடறாளா?"

"வூட்டுல பேசலாம்."

"இங்கயே சொல்லு."

"அம்சா, அந்தப் பொண்ணு இருக்குது."

"இருக்கட்டும். அவளும் கேக்கட்டும்."

இங்கே நிறுத்திவிடலாம் என்று பல நாள் நினைத்தேன். நிறுத்தினால் யாருக்கும் வலிக்காது. ஆனால் அம்சவல்லி கேட்டது கிடைக்க வேண்டும், அது கிடைக்கும்போது ஜாஸ்மினும் அந்த வேனில் இருப்பாள். கேட்ட பிறகு அம்சவல்லிக்குச் சந்தோஷமாக இருந்ததா, அந்தச் சந்தோஷத்தை அவள் எங்கே வைத்தாள், ஜாஸ்மின் அடுத்த ஆட்டத்துக்கு வந்தாளா, வந்தால் அவன் எதிரில் நின்று எதைச் சொன்னாள், எதைச் சொல்லாமல் விட்டாள், இவற்றை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவன் வாயை மட்டும் திறந்துவிடுகிறேன்.

கோபிநாத் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான். குரலைத் தாழ்த்தாமல், சாதாரணமாகவே சொன்னான்.

"கண்ணு போனப்பறம் எதிர்ல யாரு நின்னாலும் என்னிக்கினா ஒரு நாள் மூஞ்சியில போட்டுடுவேன்னு எனுக்குத் தெரியும் அம்சா. அது நீயா இருக்கக் கூடாதுன்னுதான் இவள இட்டாந்தேன்."