மத்தளையில் இறங்காதவள்

கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் அலவத்துகொடையில் ஒரு வழக்கம் உண்டு. கடல் கடந்து இருக்கும் பிள்ளைக்கு மவ்த்துச் செய்தியை, வீட்டில் ஒருவர் இறந்துபோனதை, நேராகச் சொல்ல மாட்டோம். "கடும் சுகமில்லை, உடனே வா" என்போம். தனியாக வருகிறவள் வழியில் உடைந்துபோகக் கூடாதாம். நல்ல மனசுதான். நல்ல மனசோடு செய்கிற முட்டாள்தனத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை.

குவைத்தில் வேலை செய்யும் தங்கை பஸ்லினாவுக்கு அரூஸும் அப்படித்தான் சொன்னான். அவர்களைப் பெற்ற வாப்பா அதற்குள் கண்ணை மூடியிருந்தார். ஜனாஸாவைப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கத்துக்கு எடுப்பது என்று பள்ளிவாசலில் முடிவானது. காலையில் கட்டுநாயக்கவில் இறங்கினால் அவள் வந்து வாப்பாவின் முகத்தைப் பார்த்துவிடலாம். அந்த நம்பிக்கையில் அரூஸ் வேனை எடுத்துக்கொண்டு விடியும் முன் சுபஹுக்கே விமான நிலையத்தில் போய் நின்றான்.

மழை விடவில்லை. கட்டுநாயக்கவில் இறங்க முடியாத விமானத்தைத் தெற்கே மத்தளைக்குத் திருப்பிவிட்டார்கள். சற்று நேரத்தில் பஸ்லினா அண்ணனுக்குப் போன் எடுத்தாள்.

"நானா, மத்தளையில எறக்கீக்கி. பெரிய ஏர்போர்ட், ஆளைத்தான் காணல்ல. மழை விட்டாத்தான் திரும்பிப் போகுமாம். அவசரமெண்டா இங்கயே எறங்கலாமாம், பெட்டி பொறகு வருமாம். இந்த நேரத்துக்கு பஸ் இல்லயாம், வாகனம் பிடிக்கணும். நான் என்ன செய்ற?"

அரூஸ் மனதுக்குள் பாதையைப் போட்டுப் பார்த்தான். வெல்லவாய, பிபிலை, மகியங்கனை, கண்டி. இப்போதே இறங்கினால் அஸருக்குள் வந்துவிடலாம். 'எறங்கு' என்ற சொல் தொண்டை வரை வந்தது.

"அவசரமா நானா? வாப்பாக்கு எப்பிடி ஈக்குது?"

உம்மா மவ்த்தான அன்று அவள் மயங்கி விழுந்ததை அவன் கண்ணால் பார்த்தவன். இப்போது அவளைத் தாங்கிப் பிடிக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

"அப்பிடியேதான் ஈக்கிறாரு."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப நான் இதிலயே வாறன். வாப்பாட மருந்தெல்லாம் பெட்டியிலதான் ஈக்குது."

போனை வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சொல்லித் தொலைத்திருக்கலாமே! மறுபடி அழைத்தான். அவள் போன் அணைந்திருந்தது. மறுபடி, மறுபடி அழைத்தான். பைத்தியக்காரன் மாதிரி அந்த ஒரே இலக்கத்தை அழுத்திக்கொண்டே இருந்தான்.

அஸர் நெருங்கியபோது பள்ளிவாசல் தலைவர் ஹபீல் ஹாஜியார் ஊரிலிருந்து போனில் பேசினார்.

"மையித்த வெச்சிக்கொண்டு இரிக்கேலா தம்பி. பொழுது பட்டு மஃரிப் வரும் மட்டும் பாக்குறோம். தங்கச்சி வராட்டியும் நீங்க சரி வந்து சேருங்க."

அவன் போயிருக்கலாம். ஆனால் அவள் வெளியே வரும்போது, வாப்பா இல்லை என்பதை டாக்ஸிக்காரனா சொல்வான்? பலகையில் விமானத்துக்கு நேரே 'தாமதம்' என்றே கிடந்தது. மஃரிபும் போயிற்று. ஊரில் அடக்கம் முடிந்தது.

இரவு மழை விட்டபிறகுதான் விமானம் வந்து இறங்கியது. பஸ்லினா பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தாள். "நேரா ஆஸ்பத்திரிக்குப் போவோம் நானா."

அரூஸ் சொன்னான்.

அவள் அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். "ஒரு சொல்லு சொல்லீந்தா நான் எறங்கீப்பேனே! ஒரு சொல்லு!" சுற்றி நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அடித்து ஓய்ந்து, அவன் சட்டையைப் பிடித்தபடியே கேட்டாள்.

"கபுர்க் குழிக்குள்ள நீங்கதானே எறக்கின? கடைசியா வாப்பாட மொகம் எப்பிடி ஈந்த?"

"நான் காலையிலீந்து இங்கதான் ஈக்கிறன்," என்றான் அரூஸ்.