போங்தே அறுத்த மீன்

துக்கக் கூடத்தின் கழிப்பறைக்கு வெளியே இருந்த மரத்தட்டில் மிரான் காகிதக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவளுடைய அண்ணன் தோஹுன் கூடத்திலிருந்து எழுந்து வந்தான். கறுப்புக் கோட்டின் கையில் துக்கப் பட்டை கட்டியிருந்தான். மூத்த மகன் என்பதால் இறுதிச் சடங்கு முடியும்வரை அப்பாவின் படத்துக்குப் பக்கத்தை விட்டு அவன் நகரக் கூடாது. நகர்ந்து வந்திருக்கிறான் என்றால் கோபமாக இருக்கிறான் என்று அர்த்தம்.

“என்ன பண்ற நீ?”

“கோப்பை வைக்கிறேன் அண்ணே.”

“அது தெரியுது. துக்கம் விசாரிக்க வர்றவங்ககிட்ட ஒண்ணுக்குப் புடிச்சுக் குடுங்கன்னு கேக்கப்போறியா?”

“அப்பா கேக்கச் சொன்னார்.”

“என்கிட்ட சொல்லலையே.”

“உன்கிட்ட சொன்னா நீ வேண்டாம்னிருப்பே.”

அவன் கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவில் அப்பா சோக்ஜூ சிரித்துக்கொண்டிருந்தார். ஊர்த்தலைவராக இருந்தபோது எடுத்த படம். அம்மா அதற்குக் கீழே, முடியில் வெள்ளை நாடா குத்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சமையலறையிலிருந்து காரமான மாட்டிறைச்சி சூப்பின் மணம் வந்தது. ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் இன்னும் வரவில்லை. மதியத்துக்கு மேல் ஒரே பேருந்தில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அப்பா இதைச் சொன்னது மருத்துவமனையில், கண்ணும் தோலும் மஞ்சளாகிப் படுத்திருந்தபோது. சோம்ஜின் ஆற்றுப் பக்கம் பரிசோதனைக்குக் கூப்பிட்டு மிரானின் ஆய்வகத்தார் போகாத தெரு இல்லை. கூட்டம் போட்டால் கிழவிகள் வருவார்கள். ஆண்கள் படகை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதைக் கேட்டு அப்பா சிரித்தார். சிரிக்கும்போது வலித்தது, ஆனாலும் சிரித்தார். “நீ கூப்பிட்டா ஒருத்தனும் வரமாட்டான். நான் செத்தா எல்லாரும் வருவானுங்க. சூப்பும் சோஜு சாராயமும் உள்ள போனா, வெளிய வந்துதானே ஆகணும். கதவுகிட்ட நில்லு” என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “மத்தவனுங்க எப்படியோ போகட்டும். போங்தேவை மட்டும் விட்டுடாதே” என்றார்.

போங்தே அவருடைய சிநேகிதர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இருவரும் ஒரே படகு. கெண்டையைப் பிடித்தவுடன் படகிலேயே மெல்லிசாக அறுத்து, வினிகர் கலந்த மிளகாய் விழுதில் தோய்த்து, பச்சையாகச் சாப்பிடுவார்கள். அறுப்பது எப்போதும் போங்தேதான்.

அந்த மீனின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற புழு மனிதனின் பித்த நாளத்தில் போய்க் குடியேறும். பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கும். சிலருக்குக் கடைசியில் புற்றுநோயாகும். ஊரில் இதைக் கேள்விப்படாதவர்கள் இல்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு தைரியம் இருந்தது. சோஜு குடித்தால் புழு செத்துவிடும், மிளகாய் விழுதில் செத்துவிடும், எல்லாவற்றுக்கும் மேலாக வசந்தம் வந்தால் மருந்துக்கடைப் பூச்சி மாத்திரை இருக்கிறது. ஊர்த்தலைவராக இருந்த காலத்தில் சோக்ஜூ அந்த மாத்திரையை ஒலிபெருக்கியில் அறிவிப்பார். வீடு வீடாக ஒரே நாளில் விழுங்குவார்கள். அந்த மாத்திரை குடல் பூச்சியைத்தான் கொல்லும். கல்லீரலில் இருப்பதை அது தொடுவதில்லை. விழுங்கிவிட்ட நிம்மதியில் அவர்கள் இன்னொரு தட்டு மீன் சாப்பிட்டார்கள்.

மிரான் கோப்பைகளின் மேல் எண்களை எழுதினாள். பிறகு சோதனைப் பட்டைகள் இருந்த டப்பாவைத் திறந்து தேதியைப் பார்த்தாள். காலையிலும் பார்த்திருந்தாள். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பது அவள் வழக்கம். மூன்றாம் முறை கை போனால் அது பயம் என்று அவளுக்கே தெரியும். டப்பாவை மூடினாள். இந்தப் பட்டை அவள் ஆய்வகத்தில் பல வருஷம் தோற்றுத் தோற்று வந்தது. சிறுநீரில் நனைத்தால் ஒரு கோடு வரும். புழுவின் சுவடு இருந்தால் பக்கத்தில் இன்னொன்று வரும். போன வருஷம்தான் சுகாதார நிலையங்களுக்குக் கொடுக்க அனுமதி கிடைத்தது. அப்பாவின் சிறுநீரில் இரண்டாவது கோடு பளிச்சென்று வந்தது. அதில் சந்தேகப்பட இடமே இருக்கவில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நம்ம வீட்டு மானம் போகும், மிரான்” என்றான் தோஹுன், குரலை இறக்கி.

அப்போது அம்மா எழுந்து வந்தாள். துக்கப் பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுக்கிலிருந்து முதல் கோப்பையை எடுத்தாள்.

“ஒண்ணாம் நம்பர் நான்” என்றாள். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

தோஹுன் கூடத்துக்குத் திரும்பினான். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அம்மாவின் பட்டையில் ஒரே கோடுதான் வந்தது. மிரான் அதை அவள் காதில் சொன்னபோது அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். அவர் எனக்குத் தட்டில் மீன் மிச்சம் வைத்தால்தானே என்று மட்டும் சொன்னாள்.

பேருந்து வந்தது. வாசலில் செருப்புகள் குவிந்தன. ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து ஊதுபத்தி ஏற்றி, படத்துக்கு இரண்டு முறை நெற்றி தரையில் பட வணங்கி, தோஹுனுக்கு ஒரு முறை வணங்கி, சாப்பாட்டு மேசைகளுக்குப் போனார்கள். சூப் வந்தது. சோஜு வந்தது. துக்க வீட்டில் கிண்ணத்தோடு கிண்ணம் இடிக்கக் கூடாது என்பதால் அவரவர் மௌனமாகக் குடித்தார்கள். மௌனம் இரண்டு பாட்டில்வரை நீடித்தது.

முதலில் கழிப்பறைக்கு எழுந்தவர் ஒரு வலைக்காரர். மிரான் எதிரே போய் நின்று, தலையைக் குனிந்து, அப்பா கேட்டுக்கொண்டதாகச் சொல்லிக் கோப்பையை நீட்டினாள். அவர் கோப்பையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

“உயிரோட இருந்தப்ப விடியக்காலையில மைக்ல கத்தி எழுப்பினான். இப்ப போட்டோவுல உட்கார்ந்துகிட்டு ஒண்ணுக்குப் போகச் சொல்றான். இவன் மைக்கை எப்படித்தான் அணைக்கிறது?”

மேசைகளில் சிரிப்பு பரவியது. அதற்குப்பின் கோப்பைகள் தாமாகவே நகர்ந்தன. தனக்கு வர மறுக்கிறது, சோஜு பற்றவில்லை என்று ஒருவர் திரும்பிப் போய் ஊற்றிக்கொண்டார். தன்னுடையதில் சரக்குதான் இருக்கும், பட்டைக்குப் போதை ஏறப்போகிறது என்றார் இன்னொருவர். மிரான் முடிவை அவரவர் காதில் மட்டும் சொன்னாள். இரண்டு கோடு வந்தவர்களிடம் சுகாதார நிலையத்தில் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள், மாத்திரையும் அங்கேயே தருவார்கள் என்றாள். அவள் குரல் ஆய்வகத்தில் இருப்பதுபோலவே இருந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

போங்தே பேருந்தில் வரவில்லை. வெயில் சாய்ந்தபிறகு தனியாக வந்தார், தோளில் நீலப் பனிக்கட்டிப் பெட்டியோடு. ஊதுபத்தி ஏற்றினார். இரண்டாவது முறை வணங்கியபோது அவர் நெற்றி தரையிலிருந்து எழ வெகுநேரமானது. எழுந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு தட்டை எடுத்தார். கண்ணாடிபோல் மெல்லிய கெண்டைத் துண்டுகள், பூ இதழ் மாதிரி வட்டமாக அடுக்கியிருந்தன. அதைப் படையல் மேசையில், பேரிக்காய்க்கும் அரிசிப் பலகாரத்துக்கும் நடுவில் வைத்தார்.

“சித்தப்பா, அதை எடுங்க” என்றான் தோஹுன்.

“எதுக்கு? ஆஸ்பத்திரியில கேட்டான். கொண்டுபோக விடல. இப்பவாவது வைக்கிறேன்.”

“அதுதான் அவரைக் கொன்னுச்சு.”

போங்தேவின் கை தட்டின் விளிம்பிலேயே இருந்தது. எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவர் ஏன் பேருந்தில் வரவில்லை, ஊரில் பரிசோதனைக் கூட்டம் போடும்போதெல்லாம் ஏன் படகில் ஏறிவிடுவார் என்பது மிரானுக்கு அப்போது புரிந்தது. தோஹுன் சொன்னதை வேறு யாரோ அவரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். அநேகமாக அவரே.

“இருக்கட்டும் அண்ணே” என்றாள். “அப்பாவுக்கு இனி ஒண்ணும் ஆகாது.”

அவள் ஒரு கிண்ணம் சோஜு ஊற்றித் தட்டின் பக்கத்தில் வைத்தாள். போங்தே கையை எடுத்தார். தோஹுன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். படைத்ததை இறக்கியதும் எல்லோரும் ஒரு வாய் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காவிட்டால் செத்தவரோடு உட்கார மறுத்ததாக ஆகும். வலைக்காரர் இப்போதே சாப்பாட்டுக் குச்சிகளைக் கையில் எடுத்துவிட்டார். காதில் இரண்டு கோடு என்று கேட்டவர்களும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்றால் அவர்கள் கேட்கமாட்டார்கள், கேட்டாலும் போங்தே மறுபடி இந்தக் கூடத்தில் நிற்கமாட்டார். மிரான் படத்தின் முன் ஒரு முறை வணங்கினாள். தட்டை இரண்டு கையாலும் எடுத்தாள். மேசைகளைத் தாண்டி நேராகச் சமையலறைக்குள் போனாள்.

அங்கிருந்த பெண்ணிடம் பெரிய பானை கேட்டாள். முள்ளங்கி, பூண்டு, மிளகாய்ப் பொடி எல்லாம் போட்டுத் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் துண்டுகளை உள்ளே தள்ளினாள். இவ்வளவு அழகாக அறுத்ததைக் குழம்பில் போடுகிறாயே என்று அந்தப் பெண் ஆதங்கப்பட்டாள். மிரான் பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொதிப்பதை இரண்டு முறை பார்த்தாள். மூன்றாம் முறை பார்க்கவில்லை.

பானை கூடத்துக்கு வந்தபோது முதல் கிண்ணத்தை அவளே போங்தேவின் முன் வைத்தாள். அவர் கிண்ணத்தில் மிதக்கிற சதையைக் கிளறிப் பார்த்தார்.

“மீனைக் கொன்னுட்டியே.”

“அது செத்துத்தான் வந்துச்சு சித்தப்பா. உள்ள இருந்ததைத்தான் கொன்னேன்.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு வாய் எடுத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். உப்பு குறைவு என்றார் ஒருவர். சோக்ஜூவின் மகள் கையில் வேறென்ன எதிர்பார்க்கிறாய், அது ஆய்வகத்துச் சமையல் என்றார் வலைக்காரர். தோஹுனும் கடைசியில் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டான், நின்றபடியே.

கிண்ணத்தை முடித்துவிட்டு போங்தே வாசல் பக்கம் போனார். வந்தவர்களின் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. மிரான் பின்னாலேயே போய், ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“நான் குடுக்கமாட்டேன்” என்றார், அவள் கேட்பதற்கு முன்பே.

“ஏன் சித்தப்பா?”

“உன் தாள்ல ரெண்டு கோடு வந்தா, நான்தான் அவனுக்கு அறுத்துப்போட்டேன்னு ஆயிடும்.”

“ஒரு கோடு வந்தாலும் நீங்கதான் அறுத்துப்போட்டீங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். யாரும் அவரிடம் இதை இப்படி நேராகச் சொன்னதில்லை போலிருந்தது.

“நீங்க அறுத்தீங்க. அப்பா கையை நீட்டினார்” என்றாள் மிரான். “மாத்திரையை மைக்ல சொல்லி ஊருக்கே குடுத்தவர் அவர். நானும் அந்த மாத்திரையைத்தான் சின்னப்புள்ளையில முழுங்கினேன். அது வேலை செய்யாதுன்னு அப்ப நம்ம யாருக்கும் தெரியாது. இப்ப எனக்குத் தெரியும். வேற மருந்து இருக்கு, ஒரே நாள்ல முடியுது. அப்பாவுக்குக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள புத்துநோயாயிடுச்சு. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கலாம்.”

“இருக்கலாம்ங்கற.”

“பாத்தாத்தான் தெரியும்.”

அவர் கூடத்தின் உள்ளே, சாமந்திகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்த படத்தைப் பார்த்தார்.

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?”

“உங்களை மட்டும் விட்டுடாதேன்னார்.”

போங்தே மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அப்பாவைப் பெயர்சொல்லி ஒரு கெட்ட வார்த்தை திட்டினார். பிறகு அவள் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், பெரியவர்களுக்கு முன் கிண்ணம் நீட்டுவதுபோல. வயதில் தன் மகள் போன்றவளிடம் அப்படி நீட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. மிரானும் இரண்டு கையாலும் வாங்கினாள். கோப்பை வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் மரத்தட்டின் மேல் பட்டையை நனைத்து வைத்தாள். போங்தே நிற்கவில்லை. வாசலில் குந்தி உட்கார்ந்து, குவிந்து கிடந்த செருப்புகளை ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, போகிறவர்கள் காலை நுழைத்தால் போதும் என்கிறமாதிரி, முனை வெளியே பார்க்கத் திருப்பி வைக்க ஆரம்பித்தார். முதுகு அவள் பக்கம் இருந்தது.

ஈரம் பட்டையில் ஏறியது. முதல் கோடு வந்தது. கூடத்தில் யாரோ சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் தட்டினார்கள். பக்கத்தில், முதலில் நிழல்போல, பிறகு தெளிவாக, இரண்டாவது கோடும் வந்தது. மிரான் அதை இன்னொரு முறை பார்க்கவில்லை.

“சித்தப்பா, நாளைக்குச் சுடுகாட்டுல இருந்து நேரா சுகாதார நிலையத்துக்குப் போயிடலாம். ஸ்கேனும் எடுத்துடலாம். நானும் வர்றேன்.”

அவர் திரும்பவில்லை. மூலையில் கிடந்த சேறு காய்ந்த தன் ரப்பர் செருப்பை எடுத்து, முனையை வாசலுக்குத் திருப்பி வரிசையின் கடைசியில் வைத்தார். பிறகு குனிந்து தேடி, அவளுடைய கறுப்புச் செருப்பைக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்தில் வைத்தார்.