மேற்கைக் காணவில்லை

மருமகள் எழுதியது ஒரு சின்னக் கணினி நிரல். மாவட்டப் பெயர்களை யார் எப்படித் தப்பும் தவறுமாக எழுதினாலும், அது திருத்தி ஒரே மாதிரியாக்கித் தரும். இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தாள். யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். மின்சார அலுவலகமும் எடுத்துக்கொண்டது கரண்ட் பில் வந்தபோதுதான் தெரிந்தது.

"மாவட்டப் பேருல மேற்கு எங்கம்மா?" என்று மாமனார் பில்லை நீட்டினார்.

பெரிய மாவட்டத்தைப் பிரித்து, தங்கள் பக்கத்துக்கு 'மேற்கு' என்று பெயர் வாங்குவதற்காக மறியல் செய்து, லத்தியடி பட்டு, சிறைக்கும் போய் வந்தவர் அவர். மழைக்காலத்தில் அவருக்கு முட்டி பிடித்துக்கொண்டால் மாமியார் அதை 'மேற்கு வலி' என்பாள்.

மருமகளுக்குச் சுருக்கென்றது. கிழக்கு, மேற்கு, புதிய, பெரிய என்று பெயரோடு ஒட்டி வருவதையெல்லாம் வெட்டிவிடச் சொல்லி அவள்தான் ஒரு வரி எழுதியிருந்தாள்.

"மாமா, தப்பு என்னோடதுதான். நான் எழுதினதுதான் அதை வெட்டுது."

"நீ எதுக்கும்மா பழியைத் தலையில போட்டுக்கற? இது அந்தக் கிழக்குப் பக்கத்து ஆளுங்க சதி."

மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இத்தனூண்டு வரியா? ஒரு மாவட்டத்தையே அழிக்க இது போதுமா? போம்மா!" அவருக்கு ரோஷமே வந்துவிட்டது.

அன்றே வரியை நீக்கி, மின்சார அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டாள். இரண்டொரு நாளில் இணையத்துப் பில்லில் மேற்கு திரும்பிவிட்டது. அதைக் காட்டியதும் மாமனாரின் முகம் தொங்கிப்போனது.

"அதுக்குள்ளயா? ஆர்ப்பாட்டத்துக்கு மைக்கெல்லாம் சொல்லியாச்சே!"

ஆர்ப்பாட்டம் நடக்கத்தான் செய்தது. கோஷம் எழுதித் தரவும் மருமகளையே பிடித்தார். 'மேற்கை வெட்டிய கயவனைக் கைது செய்' என்று மோனையோடு எழுதிக் கொடுத்தாள். கயவன் ஆணாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

தொண்டை கட்டி, சட்டை நனைந்து, முகமெல்லாம் பூரித்து வீடு திரும்பினார்.

"நாங்க வர்றோம்னு கேள்விப்பட்டே திருத்திட்டானுங்க, பாத்தியா? தெருவுல இறங்கினாத்தாம்மா எதுவும் நடக்கும். நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா என்ன கிடைக்கும்?"

"ஆமா மாமா," என்று வெந்நீரை ஆற்றிக் கொடுத்தாள். இத்தனை துள்ளலாக அவர் நடந்து அவள் பார்த்ததே இல்லை.

மாமியார் மருமகளை ஓரக்கண்ணால் பார்த்தாள். "வெட்டினது யாரோ, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

"நல்லா இருக்கக் கூடாதுன்னுதானேடி இவ்வளவு நேரம் கத்திட்டு வர்றேன்!" என்றார் மாமனார்.