பதினோரு படங்கள்

அந்த ஸ்டூடியோவில் அவளைத் துடைப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருட்டில் எடுத்த படம் எது வந்தாலும் நேரே அவள் மேசைக்குத்தான் போகும். வெளிச்சம் போதாவிட்டால் கேமரா தன்பாட்டுக்குப் படம் முழுக்க மணலை வாரி இறைத்ததுபோல் புள்ளிகளைப் போட்டுவைக்கும். அதற்கு நாய்ஸ் என்று பேர். வாயே திறக்காத படத்துக்குச் சத்தம் என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ. முதலில் துடை, அப்புறம் பார். பதினைந்து வருடமாக இதுதான் அவள் வழக்கம். புள்ளியோடு ஒரு முகத்தைப் பார்த்தால் அவளுக்குக் கை அரிக்கும்.

அன்று கடை திறந்த கையோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். மூத்தவள் போன வாரம் ஒரு குழந்தையின் படத்தைக் கொடுத்துத் துடைத்து வாங்கிப்போனவள். இளையவள் அவள் தங்கை, குழந்தையின் அம்மா. சட்டம் போட்ட படத்தை அவள் மேசைமேல் வைத்தாள்.

"இதுல மச்சம் எங்க?" என்று கேட்டாள்.

குழந்தை ஒரு நாள்கூட முழுசாக உயிரோடு இருக்கவில்லை. அறுவைசிகிச்சை முடிந்து அம்மா கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊரிலிருந்து அப்பா வந்துசேரக்கூட நேரமில்லை. பார்த்தது பெரியம்மா ஒருத்திதான். திரை இழுத்துவிட்ட அறை, ஒரே ஒரு சின்ன விளக்கு, நர்ஸ் பரிதாபப்பட்டுக் கொடுத்த ஐந்து நிமிஷம். அதற்குள் தன் பழைய போனில் படம் எடுத்திருக்கிறாள்.

"மேலுதட்டுக்கு மேல மச்சம் இருந்துச்சு, உனக்கு இருக்கற மாதிரியேன்னு அக்கா சொன்னா. அத நெனச்சுக்கிட்டுதான் இந்த ஒரு மாசத்த ஓட்டினேன். இந்தப் படத்துல அது இல்ல. நீங்க அழிச்சீங்களா, இல்ல என்னைத் தேத்தறதுக்கு இவ பொய் சொன்னாளா?"

"பொய் இல்லடி" என்றாள் அக்கா. போன வாரத்திலிருந்து நூறு தடவை சொல்லி அலுத்த குரல்.

துடைப்பக்கா, துடைப்பதற்கு முன்பிருந்த பழைய படத்தைத் திறந்தாள். உதட்டுக்கு மேல் கறுப்பாக ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் கன்னத்திலும் நெற்றியிலும் அதே மாதிரி இருநூறு இருந்தன. இதில் எது குழந்தையுடையது, எது கேமராவுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. பார்க்காமலே துடைத்திருக்கிறாள்.

முதலாளி குனிந்து காதோரம் சொன்னார். "ஒரு புள்ளி வெச்சுக் குடுத்துடு. அக்கா தங்கச்சி சண்டையாவது தீரும்."

அரை நிமிஷ வேலை. எதிரே நிற்கிறவளின் உதட்டைப் பார்த்து அப்படியே போட்டுவிடலாம். அழித்த கையே வரையவும் வேண்டுமா என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"வேற படம் எடுத்தீங்களா?" என்று அக்காவைக் கேட்டாள்.

"பதினொண்ணு எடுத்தேன். எல்லாம் ஆடிப்போச்சு, இருக்கறதுல நல்லத குடுத்தேன். மத்தத பார்க்கவும் தெம்பில்ல, அழிக்கவும் மனசு வரல."

"அத்தனையும் குடுங்க. கேமரா போடற புள்ளி ஒரு படத்துல இருக்கற எடத்துல அடுத்ததுல இருக்காது. தோல்ல இருக்கறது எல்லாத்துலயும் அதே எடத்துல நிக்கும். பதினொண்ணையும் ஒண்ணு மேல ஒண்ணா பொருத்தினா தெரிஞ்சிடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "என்ன வருதோ அதுதாம்மா. நானா எதுவும் சேர்க்க மாட்டேன்."

தங்கை தலையாட்டினாள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நடுவில் இரண்டு பேர் உட்காரும் இடம் விட்டு.

கண்ணோடு கண், மூக்கோடு மூக்கு என்று பொருத்திமுடிக்கக் காலைப்பொழுதில் பாதி போயிற்று. மூன்று படம் சேர்ந்ததும் உதட்டின் மேல் இருந்த புள்ளி வெளிறியது. எட்டில் நிழலாக இருந்தது. பதினொன்றில் அங்கே ஒன்றுமே இல்லை.

சொல்லாமல் மென்று விழுங்கலாம்தான். சொன்னாள்.

"மச்சம் இல்லம்மா. அது கேமரா போட்ட புள்ளி. உங்க அக்கா பொய் சொல்லல, அத மச்சம்னு நம்பிட்டாங்க."

"நான் பார்த்தேனே" என்று ஆரம்பித்த அக்கா பாதியில் நின்றாள். "அன்னைக்கு எங்க பார்த்தேன். கண்ணு முழுக்கத் தண்ணி. அப்புறம் போன்ல அந்த ஒரு படத்தத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

தங்கை அழவில்லை. "அப்ப என்னோடதுன்னு அவகிட்ட ஒண்ணும் இல்ல" என்றாள்.

துடைப்பக்காவுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. சாய்ந்து படுத்திருந்த குழந்தையின் வலது காதுக்கு முன்னால் ஒரு சின்னப் புள்ளி, போகாமல் இருந்தது. படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பதினொன்றிலும் அதே இடம். சட்டத்துக்குள் இருந்த படத்தில் அந்த இடம் மழமழவென்று இருந்தது.

"இங்க வாங்கம்மா. இது போகல. போன வாரம் இதையும் நான்தான் அழிச்சிருக்கேன், மன்னிச்சிடுங்க. மச்சம் இல்ல இது. குழி மாதிரி இருக்கு, ஊசியால குத்தின மாதிரி."

தங்கை எழுந்து வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் வலது காதின் மேல் விழுந்திருந்த முடியை ஒதுக்கிக் காட்டினாள். காதுக்கு முன்னால், அதே இடத்தில், ஊசி குத்தியது போல் ஒரு குழி.

பெஞ்சிலிருந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத யாரும் எனக்கு சொல்லலக்கா" என்று தங்கை அவள் பக்கம் கையை நீட்டினாள். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "யாருமே சொல்லல. அவளா காட்டியிருக்கா."

படத்தில் இன்னும் கொஞ்சம் மணல் மிச்சம் இருந்தது. துடைப்பக்கா அதைத் தொடாமல் அப்படியே அச்சுக்கு அனுப்பினாள்.